அலமாரிக்கா, கைக்கா?

14

இன்று, வெள்ளிக்கிழமை, பொழுது சாய்வதற்குள் சாவி கைக்கு வராவிட்டால், சனிக்கிழமை காலையில் அந்த அறைக்குள் கூடாரங்கள் போய் உட்கார்ந்துகொள்ளும். கண் விழித்ததும் சபீகாவுக்கு முதலில் வந்த நினைப்பு அதுதான்.

குளிர்காலப் பொழுதுபோக்குக்குப் போடுகிற பாலைவன முகாம்களை மார்ச் பாதியோடு பிரித்துவிட வேண்டும். அண்ணன் தாரியின் முகாம் பிரித்தாயிற்று. இரண்டு பெரிய கூடாரங்கள், கம்பங்கள், ஜெனரேட்டர், கம்பளங்கள் எல்லாம் ருமைத்தியா வீட்டு வாசலில் லாரியோடு நின்றன. அவற்றைப் போட அவன் பார்த்து வைத்திருந்த இடம், ஆண்கள் கூடிப் பேசுகிற கூடமான திவானியாவை ஒட்டிய பக்கத்து அறை. வீட்டிலேயே தெருவைப் பார்த்துத் தனிக் கதவு உள்ள அறை அது ஒன்றுதான். சபீகா நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருப்பதும் அதே அறையைத்தான்.

போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி அந்தப் பேச்சு எப்படி முடிந்தது என்பதை அவள் வாரம் முழுக்க மென்றுகொண்டிருந்தாள். தனக்கு வேலை பெருகிவிட்டது, மொட்டைமாடித் துணி துவைக்கிற அறையில் ஈரப் போர்வைக்கு நடுவே உட்கார்ந்து எத்தனை நாள் செய்வது, ஆண்கள் பொம்மையோடு வந்தால் வீட்டுக்குள் புகுந்து மாடி ஏற முடியவில்லை, அக்காவையும் மனைவியையும் அனுப்புகிறார்கள், தெருக்கதவு இருந்தால் எல்லோரும் நேராக வரலாம் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். தாரி மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே கேட்டான். பிறகு சிரித்தான்.

"திருகாணி முடுக்குறதுக்கு ஒரு அறையா? என் திவானியாவுல உட்கார்ற ஆம்பிளைங்க எல்லாம் முப்பது வருஷமா பொம்மை சேர்க்கிறவங்க. அவங்கள்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன், உன் அபிப்பிராயத்தைக் கேட்கட்டும். அன்னிக்குச் சாவி உன்னோடது."

அண்ணி லுல்வா அப்போதே அம்மாவைப் பார்த்து, "யும்மா, நீங்க சாட்சி," என்றாள். மகன் பெயரால் உம் தாரி என்று எல்லோரும் அழைக்கிற அம்மா தலையைக்கூட ஆட்டவில்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

திவானியாவுக்குள் பெண்கள் போவதில்லை. போகாதவளிடம் யார் போய் அபிப்பிராயம் கேட்பது? தாரிக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

சபீகாவின் தொழிலை ஊரில் பலர் விளையாட்டு என்றுதான் நினைத்தார்கள். மணவாழ்க்கை முறிந்து அப்பா வீட்டுக்குத் திரும்பிய பின், கல்வி இலாகா வேலையையும் விட்டுவிட்டு இதில் இறங்கியவள். சினிமாப் பாத்திரங்களின் பொம்மைகள், ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை, அவளிடம் வரும். அவள் மூட்டு மூட்டாக மடக்கிப் பார்ப்பாள். முகர்ந்து பார்ப்பாள். வர்ணத்தை நகத்தால் தொடுவாள். கடைசியில் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வாள்: இது அலமாரிக்கா, கைக்கா? அலமாரிக்கு என்றால் எந்த வெளிச்சத்தில், எந்த நிலையில் நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுப்பாள். கைக்கு என்றால் பிள்ளை கீழே போட்டாலும் பிழைக்கும்படி மூட்டுகளைப் பலப்படுத்திக் கொடுப்பாள். அவள் தீர்ப்பு தப்பியதாக இதுவரை யாரும் வந்து நின்றதில்லை.

தாரிக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. அவனைப் பொறுத்தவரை கைக்கு என்று ஒரு பொம்மையும் கிடையாது.

அன்று வீடு காலையிலிருந்தே பரபரத்தது. ஊரில் ஒரு கல்யாணத்துக்காக வந்திருந்த பஹ்ரைன்காரர் பூ கானிம், ஜும்ஆ தொழுகை முடிந்து திவானியாவுக்குச் சாப்பிட வருகிறார். முஹர்ரக்கில் அவர் வீட்டில் நானூறு பொம்மைகள் இருப்பதாகப் பேச்சு. அவர் வாயால் ஒரு 'மாஷா அல்லாஹ்' கேட்பதற்காக தாரி நாலு நாளாகக் கண்ணாடி அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அலமாரியின் நடுத்தட்டில் ஒரே ஒரு பெட்டி. அதற்கு மட்டும் தனி விளக்கு.

"என்னை ஒரு தடவை இவ்வளவு அக்கறையாக் கவனிச்சிருப்பாரா உங்கண்ணன்?" என்று லுல்வா அடுப்படியில் முனகினாள். மஜ்பூஸ் சோற்றுச் சட்டியைத் திறந்து ஆவியைப் பார்த்துவிட்டு, "நாத்தனாரே, இன்னிக்கு ஒரு ஆம்பிளை கேட்டுட்டா?" என்றாள்.

"கேட்கமாட்டாங்க, அண்ணி. விடுங்க."

"கேட்டுட்டா, அந்த அறையில எனக்கு ஒரு நாற்காலி. சும்மா உட்கார்ந்து தெருவைப் பார்க்க."

பூ கானிம் தனியாக வரவில்லை. ஏழு வயது மகள் நைலாவையும் கூட்டி வந்திருந்தார். அவள் அம்மா பஹ்ரைனிலேயே இருந்துவிட்டதால் பிள்ளையைப் பெண்கள் கூடத்துக்கு அனுப்பி வைத்தார்கள். அவள் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. சாப்பிட்டு முடித்துவிட்டு, இந்த வீட்டில் பார்க்கிறதுக்கு என்ன இருக்கிறது என்று நேராகக் கேட்டாள்.

சபீகா மாடிக்குப் போய் பூ ஸிராஜைக் கொண்டுவந்தாள்.

ஒரு அடி உயரப் பொம்மை. நீலக் கோட்டு, முழங்கை நூல் பிரிந்தது. ஏதோ ஒரு நிலவில் கலங்கரை விளக்கம் காக்கிறவனைப் பற்றிய பழைய அமெரிக்கப் படம். படத்தில் அவனுக்கு வேறு பெயர். கையில் ஒரு விளக்கு இருப்பதால் ஆறு வயது சபீகா அவனுக்கு 'பூ ஸிராஜ்' என்று பெயர் வைத்தாள். விளக்கின் அப்பன்.

நைலா அவன் முழங்காலை மடக்கிச் சோபா விளிம்பில் உட்கார வைத்தாள். எழுப்பினாள். தலையணை மலையில் ஏற்றினாள். அவன் எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுத்தான்.

"இவனுக்கு ஒரு காது எங்க?"

"நான் கடிச்சுட்டேன். பயமா இருந்தா கடிப்பேன்."

"எதுக்குப் பயம்?"

தனக்கு ஆறு வயதான வருஷம் ஆகஸ்டு மாதம் ஊருக்குள் அந்நியப் படை வந்ததையும், ஏழு மாதம் பிள்ளைகள் நிலவறையில் படுத்து எழுந்ததையும் சபீகா சுருக்கமாகச் சொன்னாள். அந்த வசந்தத்தில்தான் அப்பா சால்மியா கடைத்தெருவிலிருந்து இரண்டு பொம்மை வாங்கி வந்திருந்தார், அண்ணனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அவள் அன்றைக்கே பெட்டியைக் கிழித்தாள். அண்ணன் ஈத் பெருநாளுக்குத் திறப்பேன் என்று எடுத்து வைத்தான். அப்புறம் திறக்கவே இல்லை.

"நிலவறையில ஒரு நாள் விளக்கு உடைஞ்சுபோச்சு. சுக்கு நூறா. நான் அழுது அழுது தூங்கிட்டேன். காலையில பார்த்தா விளக்கு முழுசா இருந்துச்சு."

"பொம்மை விளக்குத் தானா ஒட்டாது, அத்தை."

"ஒட்டிச்சே. தூங்கினா சரியாப் போயிடும்னு எங்கம்மா சொன்னாங்க. சரியாப் போச்சு."

நைலா உம் தாரியைப் பார்த்தாள். உம் தாரி, தேநீரில் சர்க்கரை போதுமா என்று விசாரித்தாள்.

"இவன் தனியாவா இருக்கான்?" என்றாள் நைலா.

"ஏன் தனியா? இவன் கூடப்பிறந்தவன் அங்க இருக்கான்," என்று லுல்வா, ஒன்றும் தெரியாதவள் போலச் சொன்னாள். "திவானியாவுல. கண்ணாடிக்குள்ள."

அவ்வளவுதான். பூ ஸிராஜைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நைலா ஓடிவிட்டாள்.

அடுப்படியிலிருந்து திவானியாவுக்குத் தட்டுகள் போக ஒரு சின்னக் கதவு உண்டு. அந்த வீட்டுப் பெண்களுக்கு ஊர்ச் செய்தி முழுக்க அந்தக் கதவிடுக்கு வழியாகத்தான் வரும். லுல்வா முதலில் போய்ச் சாய்ந்தாள். சபீகா அவள் தோளுக்கு மேலே. உம் தாரி ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள், கீரை ஆய்கிற பாவனையில்.

உள்ளே ஏலக்காய்க் காப்பி சுற்றி வந்துகொண்டிருந்தது. நைலா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக் கண்ணாடி முன் நிறுத்தி, இதோ இவனோட கூடப்பிறந்தவன், பாவம், அடைச்சு வெச்சிருக்காங்க என்று புகார் சொன்னாள். பூ கானிம் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்பா செய்து கொடுத்த கண்ணாடிக் கூண்டுக்குள், ஓரம்கூட மடங்காத பெட்டி. மேல்மூடியில் தொழிற்சாலை ஒட்டிய முத்திரை அப்படியே இருந்தது.

"மாஷா அல்லாஹ், பூ மிஷால்," என்றார் தாரியிடம், அவன் மகன் பெயரால் அழைத்து. "இதைப் பிரிக்காத நிலையில நான் பார்த்ததே இல்ல. முப்பத்துமூணு வருஷத்துல ஒரு கை படலையா?"

"ஒரு விரல்கூடப் படல," என்றான் தாரி. குரலில் நெய் வழிந்தது. கூடவே, விருந்தாளி எதைப் புகழ்ந்தாலும் வீட்டுக்காரன் வாயில் தானாக வருகிற வார்த்தையும் வந்தது. "உங்களைவிட இது பெரிசா? எடுத்துக்குங்க. உங்களோடதுதான்."

அதற்குப் பதிலும் ஊரறிந்தது. பூ கானிம் நெஞ்சில் கை வைத்து, "உடையவன்கிட்ட இருக்கறதுதான் அழகு," என்றார். இங்கே பேச்சு முடிய வேண்டும். எத்தனையோ கைக்கடிகாரமும் பருந்தும் ஒட்டகமும் இந்த இரண்டு வரியில் கொடுக்கப்பட்டு, வாங்கப்படாமல், சொந்தக்காரனிடமே இருந்திருக்கின்றன.

நைலாவுக்கு அந்த இரண்டாவது வரி தெரியாது.

"எடுத்துக்கன்னு சொன்னாரே, பாபா. நம்மளோடதுன்னு சொன்னாரே," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "மாமா பொய் சொன்னாரா?"

சிரிப்பு நின்றது. பூ கானிம் மகளை அதட்டினார், மன்னிப்பும் கேட்டார். சுவரோரம் சாய்ந்திருந்த பூ ஸகர், துறைமுகத்தில் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர், நாக்கில் எப்போதும் உப்பு வைத்திருக்கிறவர், "பிள்ளை சரியாத்தானே கேட்குது," என்றார்.

கதவிடுக்கில் லுல்வா மூச்சைப் பிடித்தாள். "போச்சு. இப்ப சத்தியம் பண்ணிடுவாரு பாரேன்."

தாரி சத்தியம் செய்தான். விருந்தாளி மறுத்தால் என் வீட்டு உப்பைத் தின்றதாகாது, அல்லாஹ் மேல் ஆணை, இது இந்தப் பிள்ளையுடையது என்று கூடம் கேட்கச் சொன்னான். சத்தியம் விழுந்த பிறகு மறுக்க வழி இல்லை. அவனே கூண்டைத் திறந்தான், அவனே முத்திரையைக் கீறினான். சபீகா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. அந்தப் பெட்டி அவனுக்கு வெறும் பொம்மை இல்லை. காலமான அப்பா அவனுக்கென்று வாங்கிவந்ததில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

நைலா கோட்டைப் பிடித்துத் தூக்கினாள்.

கோட்டு மட்டும் வந்தது. தலை கழன்று கம்பளத்தில் உருண்டு பூ ஸகரின் காலடியில் நின்றது. சராய் வழியாக இரண்டு காலும் பூட்ஸோடு நழுவின. கைகள் சட்டைக்குள்ளேயே தொங்கின. நெஞ்சுக்குள்ளிருந்து கருகிய துண்டுகளாக ஏதோ கொட்டியது, வறுத்த சேமியா மாதிரி.

பூ ஸகர் தலையை எடுத்துப் பார்த்தார். அது அவர் விரலில் ஒட்டிக்கொண்டது.

"பூ மிஷால்," என்றார் நிதானமாக. "பொம்மை கொடுக்கறேன்னு சத்தியம் பண்ணி, பிரேதத்தைக் கொடுத்துட்டியே."

விருந்தாளியின் பிள்ளைக்குக் கெட்டுப்போன பொருளைக் கொடுத்தான் என்ற பேச்சு இருட்டுவதற்குள் ஊரைச் சுற்றிவிடும், பஹ்ரைனுக்கும் போய்விடும். தாரியின் முகம் அவன் அங்கியைவிட வெளுத்தது. வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று அலமாரிகளைக் காட்டிப் பிள்ளையிடம் கெஞ்சினான். நைலா ஒன்றையும் பார்க்கவில்லை. கால் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு கக்கத்திலிருந்த பூ ஸிராஜின் காலை இழுத்துப் பார்த்தாள். அது சட்டென்று திரும்பிப் போய் ஒட்டிக்கொண்டது.

"இவன் கால் நல்லா இருக்கு," என்று சபைக்கு அறிவித்தாள். "உள்ள ஒரு அத்தை இருக்காங்க. அவங்களைக் கூப்பிடுங்க."

தாரி எழுந்து தட்டுக் கதவுக்கு வந்தான். கதவைத் திறந்தால் மூன்று பெண்கள். உம் தாரி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தட்டுல போட்டுக் கொண்டுவரேன்," என்றான் ரகசியமாக. "அடுப்படியில வெச்சே சரி பண்ணிக் கொடு. நான் எடுத்துட்டுப் போய்க்கறேன்."

"நீங்களே சரி பண்ணின மாதிரி காட்டிக்கவா, அண்ணே?"

"சபீகா. என் மானம் போகுது."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். பத்து விரலாலும் மானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நாற்பத்துநாலு வயது ஆள். சின்ன வயதில் நிலவறையில் அவள் அழாமலிருக்கக் கதை சொன்னவனும் இவன்தான்.

"தலை எங்க விழுந்துச்சோ அங்கதான் வைத்தியம்," என்றாள். "துண்டு துண்டா தூக்கிட்டு அலைஞ்சா கொக்கி ஒண்ணு காணாமப் போகும். அண்ணி, சோளமாவு டப்பா கொடுங்க. ஒரு கிண்ணத்துல வெந்நீரும் பாத்திரச் சோப்பும். என் பெட்டி மாடியில இருக்கு."

லுல்வா ஏற்கெனவே பாதி மாடியில் இருந்தாள்.

சபீகா அபாயாவை மாட்டிக்கொண்டு, சலாம் சொல்லி, தட்டுக் கதவு வழியாகவே உள்ளே போனாள். அந்த வீட்டில் பிறந்து, ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கம்பளத்தை மிதிப்பது அன்றுதான் முதல் தடவை. ஆண்கள் மரியாதையாகக் கால்களை மடக்கி இடம் விட்டார்கள். பூ ஸகர் தலையை இரண்டு கையாலும் ஏந்தி, குற்றம் செய்தவர்போல அவளிடம் ஒப்படைத்தார்.

அவள் வேலை செய்கிறபோது பேச மாட்டாள். பூ கானிம்தான் பேச்சுக் கொடுத்தார். உள்ளே இருப்பது ரப்பர் நாடா என்று அவள் சொன்னாள். ஒரு நாடா இரண்டு தோளையும் இழுத்துப் பிடிக்கும், இன்னொன்று தலையையும் காலையும். அசைத்துக்கொண்டே இருந்தால் எப்போது தளர்கிறது என்று தெரியும், மாற்றலாம். இந்த ஊர் வெயிலில் அசைக்காமல் வைத்தால் ஒரு நாள் பொடியாகிவிடும், வெளியே தெரியாது. முகத்தில் பிசுபிசுப்பு, பிளாஸ்டிக்குக்கு வேர்த்தது. அதைச் சோப்பு நீரில் கழுவி, ஒற்றி, சோளமாவு தொட்டுத் தடவினாள். முபாரக்கியா தையல்காரர் சந்தில் வாங்கிய நாடாவை அளந்து வெட்டினாள். கம்பியை வளைத்துக் கொக்கி செய்தாள். நீண்ட இடுக்கியை நெஞ்சுக்குள் விட்டு, நாடாவைக் கவ்வி, மறுதோள் வழியே இழுத்தாள்.

டக்.

ஒரு கை ஒட்டிக்கொண்டது. நைலா அவள் மடியில் சாய்ந்துகொண்டு எண்ணினாள். டக், இன்னொரு கை. கால்கள். கடைசியில் தலை. சபீகா அவனைக் கம்பளத்தில் நிறுத்தினாள். விரலால் தள்ளினாள். அவன் ஆடினான், விழவில்லை.

கூடத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. மானம் திரும்பி வந்து உட்கார்ந்ததில் தாரிக்குச் சுய நினைவே தப்பியிருக்க வேண்டும். முன்னால் குனிந்து, ஒரு சின்னப் பையனின் முகத்தோடு கேட்டான்:

"இப்ப இது என்ன, சபீகா? அலமாரிக்கா, கைக்கா?"

தட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பித்தளைத் தட்டு தடாலென்று விழுந்தது. லுல்வாவின் கை நழுவியதா, நழுவ விட்டாளா என்பது இன்றுவரை தெரியாது.

தாரி நிமிர்ந்தான். தான் கேட்டது அவனுக்கே இப்போதுதான் காதில் விழுந்தது.

சபீகா இடுக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அவசரப்படவில்லை.

"பெட்டி அலமாரிக்கு. இவன் கைக்கு."

"ஒரே சாமானுக்கு ரெண்டு தீர்ப்பா?" என்றார் பூ கானிம்.

"பெட்டி தன் வேலையைச் செஞ்சு முடிச்சிருச்சு. இவன் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. ஆரம்பிக்கறதுக்காகக் காத்திருந்தே இவன் நரம்பு போச்சு. இந்தப் பிள்ளைகிட்ட கொடுங்க."

"அப்ப உன்னோடது?" என்று தாரி நைலாவின் கக்கத்தைக் காட்டினான்.

சபீகா பூ ஸிராஜை வாங்கினாள். தேய்ந்த முகம், ஒற்றைக் காது, மணிக்கட்டில் நூலால் கட்டிய விளக்கு. இதைப் பற்றி இதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

"இது அலமாரிக்கு," என்றாள்.

"காது இல்லாததா?"

"காது இல்லாததாலதான், அண்ணே. தேடினா புதுசு உலகத்துல எங்கேயாவது இன்னொண்ணு கிடைக்கும். அந்த ஏழு மாசம் நம்ம நிலவறையில இருந்தது இது ஒண்ணுதான். இதோட விளையாட்டு முடிஞ்சுபோச்சு. இனிமே இதைப் பார்த்தாப் போதும்."

பூ ஸகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த ஏழு மாதமும் அவரும் இந்த ஊரில்தான் இருந்தார்.

தாரி எழுந்தான். நடுத்தட்டில் காலியாக எரிந்துகொண்டிருந்த விளக்குக்குக் கீழே, தன் கையாலேயே பூ ஸிராஜை நிறுத்தினான். சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, திரும்பப் போய் முகம் தெரியும்படி அரை அங்குலம் திருப்பி வைத்தான்.

பூ கானிம் தொண்டையைச் செருமினார். தன் வீட்டில் நானூறு இருக்கிறது, எது உயிரோடு இருக்கிறது எது பெட்டிக்குள் பொடியாகிவிட்டது என்று இனிமேல் ராத்தூக்கம் வராது, தங்கச்சி ஒரு நடை முஹர்ரக்குக்கு வந்து பிரித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவர் சகலையும் கூட வருவாராம், அவரிடம் இருநூறு.

"வரேன்," என்றாள் சபீகா. "மத்தவங்க இங்கேயே கொண்டுவரலாம். தெருவைப் பார்த்து எனக்குத் தனிக் கதவு இருக்கு."

அண்ணனைப் பார்க்காமல்தான் சொன்னாள். ஆனால் கூடம் முழுக்க அவனைப் பார்த்தது. தாரி கார்ச் சாவிக் கொத்தை எடுத்தான். அந்த அறைச் சாவி வளையத்திலிருந்து சுலபமாகக் கழலவில்லை, பல்லால் நெம்பினான். சபீகாவின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை அவனே மூடினான்.

"ஒருத்தன் கேட்டா போதும்னேன். அது நானாவே இருப்பேன்னு நினைக்கல," என்றான். சிரித்துவிட்டான். "கூடாரத்தை எங்கடா போடறது?"

"என் வீட்டுக் கொட்டகையில போடு," என்றார் பூ ஸகர். "அதுகிட்ட அபிப்பிராயம் கேட்க யாரும் வரமாட்டாங்க."

சிரிப்பு தட்டுக் கதவு தாண்டி அடுப்படிக்குள் போயிற்று. அங்கே லுல்வா குலவை இட்டாள். விருந்தாளி இருக்கிற வீட்டில் அது கொஞ்சம் அதிகம்தான். யாரும் குறை சொல்லவில்லை. சாவி சபீகாவின் கைக்குள் சூடேறியிருந்தது. மூடிய கையை அவள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் நைலா பெட்டியின் மேலிருந்த படத்தையும் தன் புதிய தோழனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவனோட விளக்கு எங்க?"

படத்தில் இருந்தது. பொம்மையின் கையில் இல்லை. கம்பளத்தில் தேடினார்கள். பெட்டிக்குள் பொம்மை படுத்திருந்த அட்டையில் விளக்கு வைக்கிற குழி இருந்தது. குழி காலி.

"முத்திரை நான்தானே கீறினேன்," என்றான் தாரி குழப்பத்தோடு. "மேல யாரும் தொடலையே."

பெட்டியைத் தலைகீழாகப் புரட்டினான். அப்பா கூண்டுக்குள் வைத்த நாளிலிருந்து யாரும் அதைப் புரட்டியதில்லை. அடிமூடியின் குறுக்கே ஒரு அகலமான பழுப்பு டேப், ஓரமெல்லாம் உரிந்து, ஒட்டப்பட்டிருந்தது. தொழிற்சாலை டேப் இல்லை. அந்தக் கூடத்தில் நாற்பது வயது தாண்டிய எல்லோருக்கும் அது என்ன என்று தெரியும். அந்தக் குளிர்காலத்தில், விஷவாயு வரும் என்று பயந்து, ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல் இடுக்குகளில் ஒட்டிய டேப்.

"இதை யார் பிரிச்சது?" என்றான் தாரி. குரல் தாழ்ந்திருந்தது. "யாரும் வீட்டை விட்டு வெளிய போகாத மாசம் அது. வீட்டுக்குள்ள அப்பா, யும்மா, நான், நீ, நாலு பேர்தானே இருந்தோம்?"

சபீகா கண்ணாடியைப் பார்த்தாள். தனி வெளிச்சத்தில் பூ ஸிராஜ் தன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கீறல் இல்லாத விளக்கு. சுக்கு நூறாக உடைந்து, ஒரே ராத்திரியில் சரியாகிப்போன விளக்கு.

அவள் மெல்லத் தட்டுக் கதவின் பக்கம் திரும்பினாள். இடுக்கில் கீரைக் காம்பு பிடித்த ஒரு கை தெரிந்தது. கை பின்வாங்கியது. கதவு சாத்திக்கொண்டது.

பிறகு உள்பக்கம் தாழ் விழுகிற சத்தம், சபீகாவுக்கு மட்டும் கேட்டது.